நார்மல் குப்பியில் ஒரு கோடு

முப்பத்து மூன்று வருஷம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். அதில் மூன்று வாரம் 'நார்மல்' என்ற பதவியில் இருந்தேன். அப்படி ஒரு பதவி எந்த அரசாணையிலும் கிடையாது. எங்கள் டாக்டரம்மா உண்டாக்கினது. அந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

போன மாதம் சர்க்கரை பார்த்துக்கொள்ள பழைய லேபுக்குப் போயிருந்தேன். கவுன்டரில் ஒரு புதுப் பெண். கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. "ஹெபடைட்டிஸ் பி-யா?" என்றேன். "ஆமா சார். மூணு சொட்டு விடுவோம். பதினஞ்சு நிமிஷம். ரெண்டு கோடு விழுந்தா பாசிட்டிவ். உங்க காலத்துல எப்பிடி சார் பாப்பீங்க?" என்று கேட்டது. கேட்டிருக்கக் கூடாது. நான் ஆரம்பித்துவிட்டேன். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது. "சார், இத அப்பிடியே எழுதிக் குடுத்துடுங்க, நம்ம டெக்னீஷியன் சங்கத்து மலர்ல போட்டுடலாம்" என்று பாதியிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிட்டது. மீதிக் கதை இது.

எனக்குச் சொந்த ஊர் சாரம். அப்பா மில் தொழிலாளி. சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய்த் திரும்பி வந்த முதல் ஆள் நான்தான். அப்புறம் லேப் டெக்னீஷியன் படிப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறைய மூத்திரம், கொஞ்சம் ரத்தம், கடைசியில் ஒரு சர்டிபிகேட். வேலை கிடைத்த மறுநாளே தெருவில் எல்லாருக்கும் நான் டாக்டர். காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் சின்ன பாட்டிலோடு வந்து நிற்பார். "தம்பி, சும்மா கண்ணாலயே பாத்துச் சொல்லு, சக்கர இருக்கா?" என்பார்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. வேலைக்குப் போகும் முதல் நாள் அப்பா ஒரே ஒரு புத்தி சொல்லியனுப்பினார்: "நம்ம ஊர்ல முக்குக்கு முக்கு சாராயக்கடை. அந்தப் பக்கம் தலவச்சிப் படுக்காத." படுக்கவில்லை. பீடி இல்லை, வெற்றிலை இல்லை, சனிக்கிழமை கவிச்சி இல்லை. என்னைப் போல ஒரு யோக்கியன் அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது என்பது என் அபிப்பிராயம். அது அப்போது எனக்கு மட்டும் இருந்த அபிப்பிராயம் அல்ல. வினையே அதுதான்.

லேபுக்குத் தலைமை டாக்டர் மதலேன். ஒல்லியான அம்மா. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. என்னை "முசியே ஏழுமலை" என்பார்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. எங்கள் அட்டெண்டர் கலியபெருமாளையும் "முசியே கலியபெருமாள்" என்பார். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது, தன் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தாராம். ஒரு வேலை ஒழுங்காக முடிந்தால் டாக்டரம்மா "போன்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதுவும் பிரெஞ்சு, 'சரி' என்று அர்த்தம். அந்த 'போன்'-க்காக நாங்கள் மதியச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போடுவோம்.

ஒரு நாள் அவர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஐஸ், ஐஸுக்குள் விரல் நீளத்தில் நாலைந்து குப்பிகள்.

"முசியே ஏழுமலை, இதுக்குப் பேரு ஆன்டிசீரம். ரத்தத்துல ஆஸ்திரேலியா ஆன்டிஜென் இருக்கான்னு இத வச்சிக் கண்டுபிடிக்கலாம்."

ஹெபடைட்டிஸ் பி கிருமியின் மேல்தோலுக்கு அன்றைக்கு அதுதான் பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவர் ரத்தத்தில் முதலில் கண்டுபிடித்ததால் அப்படி.

"காமாலை வார்டுல பாக்கலாங்களா டாக்டர்?" என்றேன்.

"காமாலை வார்டுல தேடினா, திருடன ஜெயில்ல தேடுற மாதிரி. அங்க இருப்பாங்கன்னு தெரிஞ்சதுதானே? வெளிய எத்தன பேர் சுத்துறாங்கன்னு தெரிய வேணாமா? கால் ஒடஞ்சி வர்றவங்க, பிரசவத்துக்கு வர்றவங்க, பாம்பு கடிச்சி வர்றவங்க, இனிமே அட்மிஷன் ஆகுற எல்லாரும். பேர் வேணாம். நம்பர் மட்டும். நோட்டு என்கிட்ட இருக்கும்."

'பேர் வேணாம்' என்பதை இரண்டு தடவை சொன்னார். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பரிசோதனையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடல்பாசித் தூளைக் காய்ச்சினால் வடிகட்டின கஞ்சி மாதிரி வரும். அதுதான் அகர். கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக ஊற்றினால் இறுகிவிடும். அதில் ஜோடி ஜோடியாகச் சின்னக் குழிகள் போட வேண்டும். ஒரு குழியில் நோயாளியின் சீரம், அதாவது ரத்தம் உறைந்ததும் மேலே தெளிகிற நீர்; எதிர்க் குழியில் ஆன்டிசீரம். தகட்டின் இரண்டு முனைக்கும் கரன்ட் கொடுத்தால் இரண்டும் எதிரெதிராக நகர்ந்து வரும். ஆன்டிஜென் இருந்தால் இரண்டும் முட்டிக்கொண்ட இடத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அந்தக் கோட்டைப் பார்க்கக் கறுப்புப் பின்னணி வேண்டும். டாக்டரம்மா தன் கறுப்புக் குடையை லேபுக்குள்ளேயே விரித்து, அதற்கு எதிரே தகட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். வெளியே நல்ல வெயில் அடிக்கும். உள்ளே மின்விசிறிக்குக் கீழே அவர் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்.

சீரத்தை வாயால்தான் உறிஞ்சுவோம். ஆமாம், வாயால்தான். பிப்பெட் என்கிற கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து, இளநீர் குடிக்கிற மாதிரி, அளவுக் குறி வரைக்கும் இழுத்து நாக்கால் நிறுத்த வேண்டும். மேல் முனையில் கொஞ்சம் பஞ்சு. எப்போதாவது பஞ்சையும் தாண்டி வாய்க்குள் வந்துவிடும். துப்பிவிட்டுக் கொப்பளிப்போம். அந்த மாதிரி சமயங்களில் கலியபெருமாள் இடுப்பிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டுவார்.

"இதுல கொப்பளி தம்பி. எந்தக் கிருமியும் நிக்காது."

"வேணாண்ணே, பழக்கம் இல்ல."

"முழுங்கச் சொல்லலியே. நான்தான் முழுங்குவேன். நீ துப்பிரு."

சரி, பதவிக்கு வருகிறேன். ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு சாட்சிகள் வேண்டும். கோடு கட்டாயம் விழும் என்று தெரிந்த ஒரு சீரம். அது பெட்டியிலேயே வந்திருந்தது. கோடு விழவே விழாத ஒரு நார்மல் சீரம். அதை நாமே தேடிக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா லேபைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கலியபெருமாள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சுவர் இல்லாவிட்டால் நின்றிருக்க மாட்டார். இன்னொரு டெக்னீஷியன் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். டாக்டரம்மாவின் கண் என்மேல் வந்து நின்றது.

"முசியே ஏழுமலை, நீங்க குடிக்கிறதில்லதானே?"

"இல்லைங்க டாக்டர்."

"வெளிய கண்டத சாப்பிடுறதும் இல்ல?"

"அம்மா கட்டிக் குடுத்துருவாங்க டாக்டர்."

"போன். நீங்கதான் நம்ம நார்மல்."

அன்று மாலை சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் பெடலில் படவில்லை. ஊரில் இத்தனை ஜனம் இருக்க, என் ரத்தத்தை வைத்து மற்ற எல்லார் ரத்தத்தையும் அளக்கப்போகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "ரத்தம் எடுத்தாங்களா? அப்ப ரெண்டு முட்ட சாப்புடு" என்றார்.

முதல் தகடு. டாக்டரம்மா குடையை விரித்தார். நார்மல் குழிக்கு நேரே ஒரு கோடு.

"அகர் சரியில்ல" என்றார்.

புதிதாக அகர் காய்ச்சினேன். கோடு. தண்ணீரில் உப்பு என்று இரண்டு தடவை காய்ச்சி வடித்தேன். கோடு. பக்கத்துக் குழியிலிருந்து ஒழுகியிருக்கும் என்று தனித் தகட்டில் ஓட்டினேன். கோடு. கரன்ட் மேல் சந்தேகம் வந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு "கரன்ட் சுத்தமா இருக்கு, உங்க கஞ்சிலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போனார். கலியபெருமாள் திருஷ்டி என்றார். மறுநாள் கரன்ட் பெட்டியின் மேல் ஒரு எலுமிச்சம்பழம், குங்குமத்தோடு.

"முசியே கலியபெருமாள், இது என்ன?"

"சிட்ரிக் ஆசிட் டாக்டரம்மா."

டாக்டரம்மா சிரிக்காமல் அதை எடுத்து ஜன்னலில் வைத்தார். கோடு அதற்கும் போகவில்லை. இப்படி மூன்று வாரம். எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டோம், என்னைத் தவிர. குடிக்காதவன், அம்மா கட்டிக்கொடுத்ததைச் சாப்பிடுகிறவன் மேல் எப்படிச் சந்தேகப்படுவது?

கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: "உங்க சீரக் குப்பியில ஏதோ கலந்திருக்கு. வேற ஒருத்தர்கிட்ட எடுக்கலாம்." அந்த நேரம் லேபில் இருந்தது கலியபெருமாள் ஒருவர்தான். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அதை அவர் முழுசாகக் கொண்டாடியிருந்தார். ஊசியைப் பார்த்ததும் "நம்ம ரத்தமா? தீப்புடிச்சிக்கும் தம்பி" என்றார். எடுத்தேன். ஓட்டினேன். டாக்டரம்மா குடைக்கு எதிரே தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நார்மல் குழிக்கு நேரே கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு தூசு இல்லை.

"போன்" என்றார்.

அன்றிலிருந்து கலியபெருமாள்தான் நார்மல். ரிட்டயர் ஆகும்வரை டாக்டரம்மாவைத் தவிர யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நார்மல், டீ சொல்லுங்க." "நார்மல், இத வார்டுல குடுங்க." அவரும் நடையை மாற்றிக்கொண்டார். யாராவது குடியைப் பற்றிப் பேசினால், "யார் ரத்தம் சுத்தம்னு கவருமெண்டே பாத்தாச்சி" என்பார்.

குப்பிதான் கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், ரப்பர் குழாயைப் பல்லால் கடித்துக் கட்டி, என் கையில் நானே ஊசி போட்டுப் புது ரத்தம் எடுத்தேன். சின்னத் தகடு ஒன்று ஊற்றினேன். டாக்டரம்மாவின் குடையை விரித்தேன்.

கோடு. அழகான, நேரான, வெள்ளைக் கோடு. பாடப் புத்தகத்தில் போடலாம்.

தகட்டைக் கழுவி வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். ஈரல் கெட்டுச் செத்துப்போவேன் என்று பயம். இரண்டில் எது முதலில் என்று யோசித்தால் இன்னும் பயம். வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து ஆணியில் மாட்டினேன். அம்மா மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தது. நாலாம் நாள், "ஏன்டா, படிச்ச புள்ளைக்கு நம்ம டம்ளர் ஆவலியா?" என்று கேட்டது. அப்பா அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

பயந்தவன் என்ன செய்வான்? அடுத்தவனைப் பிடிப்பான். நானும் அதைத்தான் செய்தேன். கடைக்குப் போய்ச் சிவப்பு அட்டை வாங்கினேன். பட்டையாக வெட்டி, 'கவனம்! ஆஸ்திரேலியா ஆன்டிஜென் உள்ளது' என்று குண்டு குண்டாக எழுதினேன். டாக்டரம்மா பேர் வேண்டாம் என்றார்தான். ஆனால் ரத்தம் எடுத்தவன் நான். எந்த நம்பர் எந்தக் கட்டில் என்று எனக்குத் தெரியாதா? வார்டு ஆட்களின் நன்மைக்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் கோடு விழுந்த முதல் நோயாளியின் கட்டிலில் முதல் சீட்டை ஒட்டினேன்.

அவர் பெயர் தேசிங்கு. வீராம்பட்டினத்து மீனவர். கரையேறும்போது அலை கட்டுமரத்தைத் தூக்கித் தொடைமேல் போட்டு எலும்பு முறிந்து வந்தவர். நாற்பது வயது, கறுத்த பாறை மாதிரி உடம்பு. காமாலை கிடையாது, கண்ணில் மஞ்சள் கிடையாது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வாரமே தொடை எலும்புக்குள் கம்பி வைத்து ஆபரேஷன் செய்வதாக இருந்தது.

சீட்டு ஒட்டின மறுநாள் நான் ரத்தம் எடுக்கப் போனபோது அந்தக் கட்டில் மட்டும் நடு வார்டில் தனித்தீவாக நின்றது. மற்றக் கட்டில்களையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை வார்டு ஆள் துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் பெரியவர் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார்:

"ஆஸ்திரேலியாவுல புடிச்சிக்கினாராம். கடல்ல போறவருதானே, காத்து தள்ளிக்கினு போயிருக்கும்."

தேசிங்கு மல்லாந்து படுத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நோவோ தெரியாது தம்பி. ஆனா காத்து நமக்கு மட்டும் நல்லா வருது" என்றார்.

பெரிய சர்ஜன் சீட்டைப் பார்த்தார். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். "அது போவட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுத்தோம். கோடு போகவில்லை. சர்ஜன் மறுபடி தள்ளிவைத்தார். தொடை எலும்பு சும்மா இருக்குமா? அது கோணலாகக் கூட ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் கால் குட்டையாகத்தான் நிற்கும் என்று நர்ஸம்மா என்னிடம் சொன்னார்.

அடுத்த நாள் காலை லேப் வாசலில் ஒரு மீன்கூடை இறங்கிற்று. வாசம் முதலில் வந்தது, சத்தம் அடுத்து வந்தது.

"எவன்டா எம் புருசன் கட்டுல்ல செவப்பு ஒட்டுனவன்?"

தேசிங்கின் சம்சாரம் அஞ்சலை. நார்மல் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

"நீயா? பாக்க எளங்கன்னுகுட்டியாட்டம் இருக்க. எம் புருசன் காரைக்கால தாண்டிக் கடல்ல போனதில்ல. ஆஸ்திரேலியாவாம் ஆஸ்திரேலியா! கண்டியா நீ?"

"அது ஊரு இல்லைங்கம்மா, ரத்தத்துல ஒரு கிருமி..."

"கெடக்கட்டும். அது அவர எதுனா பண்ணுச்சா? சோறு துன்றாரு, சிரிக்கிறாரு. கால்தான் ஒடஞ்சிக் கெடக்கு. கட்டுமரத்துல குட்டக் கால வச்சிக்கினு எவனாலயாவது நிக்க முடியுமா? நீ நின்னுடுவியா? ஒட்டுன சீட்ட நீயே வந்து கிழி."

"சீட்டக் கிழிச்சா ரத்தம் மாறிடாதும்மா."

அஞ்சலை இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தது.

"ஊரான் ரத்தத்த எல்லாம் உறிஞ்சிக் குடிச்சிப் பாக்குறியே, உன் ரத்தத்த என்னிக்காவது பாத்தியா?"

நான் வாயிலிருந்து எடுத்த பிப்பெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அது என்னவோ வாய்க்கு வந்த வசவுதான். அஞ்சலைக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக டாக்டரம்மா அறைக்குப் போனேன். அவர் குடைக்குள் இருந்தார்.

"டாக்டர், சிவப்புச் சீட்டு ஒட்டினது நான்தான். பேர் வேணாம்னு நீங்க சொன்னீங்க. இன்னொண்ணு. நார்மல் குப்பி கெட்டுப்போகல. நான்தான். புதுசா எடுத்து ஓட்டிப் பாத்தேன். கோடு விழுது."

டாக்டரம்மா தகட்டைக் கீழே வைத்தார். குடையை மடக்கினார். அதன் பட்டியைச் சுற்றிப் பொத்தானைப் போட்டார். அவ்வளவு நேரமும் நான் வேலை போன பிறகு எந்த மில்லில் சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா தெரியும்?"

"பத்து, பன்னண்டு நாள் டாக்டர்."

"வீட்ல தனித் தட்டு வச்சிட்டீங்களா?"

"டம்ளர் மட்டும்."

"அத எடுத்துப் பழைய இடத்துல வைங்க. டம்ளர்ல வராது. பிளேடும் பல் பிரஷ்ஷும் மட்டும் தனியா வச்சிக்குங்க. இது உங்களுக்கு லேப்ல வந்துச்சோ, பொறக்கும்போதே வந்துச்சோ, யாராலயும் சொல்ல முடியாது. ஈரலப் பாத்துக்குவோம். சீட்டு விஷயத்துல தப்பு உங்களுது. நார்மல் விஷயத்துல தப்பு என்னுது. ரத்தத்துக்கு நான் நடத்தைச் சான்றிதழ் கேட்டேன் பாருங்க, இத்தன படிச்சிட்டு." கொஞ்ச நேரம் குடையைத் தட்டிக்கொண்டிருந்தார். "வாங்க, சர்ஜன்கிட்ட போலாம்."

பெரிய சர்ஜனுக்குச் சர்க்கரை. திங்கட்கிழமைதோறும் அவர் விரலைக் குத்தி ரத்தம் எடுப்பது நான்தான். வலிக்காமல் குத்துவேன் என்று என்னைத்தான் கூப்பிடுவார். குத்தி முடித்ததும் தன் பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுப்பார். இப்போது நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் தன் விரலைப் பார்த்தார்.

"ஏழுமல, நீ எத்தன மாசமா என்னக் குத்துற?"

"எட்டு மாசமா சார்."

"குத்துறப்ப உன் விரல்ல குத்திக்கிட்டதுண்டா?"

"இல்லவே இல்ல சார்."

"காபி? என் மூடியிலதான குடிச்ச?"

"காபியில வராது" என்றார் டாக்டரம்மா. "டாக்டர், இவர் வேலையத்தான் இன்னிக்கும் நம்பி ரிப்போர்ட் வாங்குறீங்க. அதே கோடு இருக்கிற ஒரு மீன்காரர் கால நிமித்த மாட்டேங்கிறீங்க."

"என் தியேட்டர் ஆளுங்கள நான் பாக்க வேணாமாம்மா? சுத்தமா இருக்கிற எடத்துக்கு அதக் கொண்டுவரச் சொல்றீங்களே."

"சுத்தமா இருக்கா? பாத்துடுவோமா? சர்ஜன்லேர்ந்து பெருக்குறவங்க வரைக்கும் ஆளுக்கு ஒரு டியூப். பேர் இல்ல, நம்பர்தான்."

சர்ஜனால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் பயப்படுகிறார் என்று ஆகிவிடும். அன்றே எல்லாரிடமும் ரத்தம் எடுத்தேன். டியூப்களை ஒரு கூடையில் போட்டுக் குலுக்கி நம்பர் ஒட்டும் வேலை மட்டும் நார்மலுக்கு. மறுநாள் தகட்டைச் சர்ஜன் அறைக்கே எடுத்துப்போனோம். டாக்டரம்மா அங்கேயே குடையை விரித்தார். சர்ஜனும் குடைக்குள் தலையை நீட்டினார். இரண்டு பெரிய டாக்டர்கள் ஒரு குடைக்குள் குனிந்து நிற்பதைப் பார்த்து வாசலில் நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

கோடு இருந்தது. எத்தனை என்று இங்கே எழுத மாட்டேன். அது டாக்டரம்மாவின் நோட்டுக்கு உரியது. ஒன்றும் இல்லாமல் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சர்ஜன் நிமிர்ந்தார். வேர்த்திருந்தது. "இதுல நான் எந்த நம்பர்?"

"தெரியாது. நம்பர் ஒட்டினது முசியே கலியபெருமாள்."

"அவனக் கேட்டா தெரியுமா?"

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒண்ணுலேர்ந்து அடுக்கி வச்ச சீட்ட வரிசையா எடுத்து ஒட்டினார். எந்த டியூப்ல எது ஒட்டினார்னு அவருக்கே தெரியாது." டாக்டரம்மா குடையை மடக்கினார். "வார்டுல இருக்கு, லேப்ல இருக்கு, உங்க தியேட்டர்லயும் இருக்கு. யார்கிட்டன்னு தெரியாது. ஆபரேஷன நிறுத்தணும்னா எல்லாருக்கும் நிறுத்துங்க. கவனமா பண்ணணும்னா எல்லாருக்கும் கவனமா பண்ணுங்க."

சர்ஜன் நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். மூடியில் ஊற்றினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை என் பக்கம் தள்ளினார். தான் பிளாஸ்க்கிலேயே குடித்தார்.

"வியாழக்கிழம லிஸ்ட்ல கடைசியா போடுங்க" என்றார்.

வார்டுக்குப் போய்ச் சீட்டை நானே கிழித்தேன். அஞ்சலை பக்கத்திலேயே நின்று பார்த்தது. பசை விட்ட இடத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொன்னது. தேய்த்தேன்.

"தேசிங்கண்ணே, மன்னிச்சிக்குங்க. எனக்கும் அது இருக்கு" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "உனக்குமா? அப்ப நாம ஒரே ஊருன்னு சொல்லு."

வியாழக்கிழமை இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, ஊசியைக் கைக்குக் கை மாற்றாமல் தட்டில் வைத்து எடுத்து, சர்ஜன் கம்பியை இறக்கினார். கோணலாகக் கூடினதைப் பிரித்து மறுபடி நிமிர்த்த வேண்டியிருந்ததால் சாதாரணமாக ஆவதைவிட இரண்டு மடங்கு நேரம். அந்தக் கூடுதல் நேரம் என் சீட்டின் வேலை. அடுத்த வாரத்திலிருந்து எல்லா ஆபரேஷனுக்கும் அதே முறைதான். லேபிலும் வாயால் உறிஞ்சுவதை டாக்டரம்மா நிறுத்திவிட்டார். ரப்பர் குமிழ் வேண்டும் என்று எழுதிப்போட்டோம், வரவில்லை. நார்மல் எங்கிருந்தோ சைக்கிள் ரிக்‌ஷா ஹாரனின் ரப்பர்களைக் கழற்றிக்கொண்டுவந்தார். அதில் ஒன்றில் மட்டும் பீப்பி எடுக்கப்படாமல் இருந்தது. சீரம் இழுக்கும்போதெல்லாம் 'பாம்' என்று ஒரு சத்தம். ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

டாக்டரம்மா சொன்ன அன்று மாலையே டம்ளரை ஆணியிலிருந்து எடுத்து அடுப்படியில் மற்றதோடு வைத்தேன். அடுத்த நாள் அதே டம்ளரில் அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

என் கோடு போகவில்லை. வருஷா வருஷம் டாக்டரம்மா குடை விரித்துப் பார்த்து, "இருக்கீங்க முசியே ஏழுமலை" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணிடமே சொல்லிவிட்டேன். "எனக்குத் தூக்கத்துல பேசுற பழக்கம் இருக்கு" என்று அவள் சொன்னாள். அவளைத்தான் கட்டிக்கொண்டேன். எண்பதுகளின் கடைசியில் தடுப்பூசி எங்கள் ஊருக்கு வந்தபோது அவளுக்கும் குழந்தைக்கும் போட்ட பிறகுதான் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அவள் பேசினது அப்புறம் காதில் விழவேயில்லை.

ஆபரேஷனுக்கு அப்புறம் தேசிங்கைப் பல மாதம் பார்க்கவில்லை. மறுவருஷம் ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு நானும் நார்மலும் போனோம். மணலில் கால் புதையப் புதைய ஜனம். தேர் வடத்தில் நூற்றுக்கணக்கான கைகள். வடத்தின் முன் வரிசையிலிருந்து ஒரு குரல், கடல் இரைச்சலையே தாண்டி வருகிற குரல்:

"ஏய் ஆஸ்திரேலியா!"

சுற்றி நின்றவர்கள் வெள்ளைக்காரன் யாரோ வந்திருக்கிறான் என்று எட்டிப் பார்த்தார்கள். தேசிங்கு இரண்டு காலையும் அகல ஊன்றி நின்றார். இரண்டும் ஒரே உயரம். வடத்தை விடாமல் தாடையால் எனக்குப் பக்கத்தில் வா என்று காட்டினார்.

நான் கையைத் தூக்கினேன். போய் அவர் பக்கத்தில் வடத்தைப் பிடித்தேன்.